பத்தொன்பது வயது மரப் போட்டுக்கு இன்சூரன்ஸ்: வள்ளவிளையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி என்று கடலோரம் நெருக்கியடித்துக் கிடக்கும் ஊர்களுக்கு ஆழ்கடல் தொழில்தான் பிழைப்பு. நீரோடி தாண்டினால் கேரளம். போட்டின் சொந்தக்காரர்கள் இங்கே இருப்பார்கள். போட் கொச்சி தோப்பும்படியிலோ முனம்பத்திலோ கட்டிக் கிடக்கும். ஐஸ், டீசல், தரகர், ஏலம் எல்லாம் அங்கேதான். தொழிலுக்கு இது ஒரு குறையும் இல்லை. பழைய போட் ஒன்றுக்கு இன்சூரன்ஸ் எடுக்கப் போகும்போதுதான் இந்த இரண்டு மாநிலப் பிழைப்பு குறுக்கே வந்து விழும்.

2024-ல் வள்ளவிளைக்காரர்கள் ஐந்து பேர் சேர்ந்து வாங்கிய ஒரு மரப் போட்டின் கதை இது. காகித வேலைக்காகக் கூடப் போனவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் ஆட்களையும் கம்பெனிகளையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. பிரீமியத்தைக் குறைக்க இவர்கள் செய்த பேரம் எதுவும் பலிக்கவில்லை. எந்த நட்டத்தைக் கம்பெனி தலையில் வைப்பது, எதை நாமே தாங்குவது என்று உட்கார்ந்து முடிவு செய்த பிறகுதான் தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பேச்சைத் தொடங்கவே முதலில் போட் யாருடையது என்று காகிதம் சொல்ல வேண்டியிருந்தது.

போட்டும் பங்காளிகளும்

62 அடி நீளம். அயனிப் பலகையில் 2005-ல் கட்டியது. 2014-ல் அடிப்பகுதி முழுவதும் ஃபைபர் போர்த்தியிருக்கிறார்கள். எஞ்சின் ஒருமுறை மாற்றியது. தூண்டிலும் செவுள்வலையும் வைத்துச் சூரை, சுறா பிடிக்கும் போட். விலை 38 லட்சம். அதில் 12 லட்சம் கொச்சித் தரகர் கொடுத்த முன்பணம். மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும் என்பது வழக்கமான ஏற்பாடு. மீதி நகையும் கைமாற்றும்.

பங்காளிகளில் மூத்தவர் முப்பது வருடத்துக்கு மேல் ஸ்ராங்காக, அதாவது போட்டை நடத்தும் தலைவராக, போனவர். அவர் தம்பி, மருமகன், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் என்று மற்றவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்து போன பிறகு இந்த ஊர்களில் இன்சூரன்ஸ் என்ற பேச்சுக்குத் தனி மரியாதை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 லட்சம் கொடுத்தது. போட் போன வீடுகளில் தரகர் கடன் போட்டோடு மூழ்கவில்லை. மூத்தவர் என்னிடம் சொன்னது இதைத்தான்: "ஆளுக்கு ஏதோ வந்துரும் பிள்ளே. போட் போச்சுன்னா அஞ்சு வீடும் கொச்சிக்காரனுக்கு வேல செய்யணும்."

மூன்று இடங்களில் கேட்டது

முதலில் போனது பக்கத்து ஊரில் உள்ள ஒரு கிளைக்கு. மரப் போட், வயது 19 என்றதும் பேச்சு முடிந்துவிட்டது. அந்தக் கிளை ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேல் மர ஹல், அதாவது மரத்தில் கட்டிய போட் உடல், எடுப்பதில்லையாம். மூத்தவர் ஃபைபர் போர்த்தியதைச் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாவது இடம் ஒரு ஏஜென்ட் வழியாக வந்தது. முழுப் பாதுகாப்பு தருகிறோம், 35 லட்சத்துக்கு 4.5 சதவீதம் என்றார்கள். 1,57,500 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 1,85,850. பங்காளிகள் பெருமூச்சோடு சரி என்று தலையாட்டும் நிலைக்கு வந்துவிட்டார்கள். மாதிரி பாலிசியை வாங்கிப் படித்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் மட்டுமே பாதுகாப்பு. இந்தப் போட் லட்சத்தீவுக்கு மேற்கேயும் குஜராத் பக்கமும் தெற்கே குமரிக்கு அப்பால் உள்ள வாட்ஜ் பாங்க் மீன்பிடித் திட்டிலும் வாரக்கணக்கில் தொழில் செய்வது. 12 மைல் என்பது இது போகும் வழியும் வரும் வழியும்தான். தொழில் செய்யும் இடத்தில் செல்லாத பாலிசிக்கு வருடம் இரண்டு லட்சம் கொடுக்க இருந்தார்கள்.

கடல் எல்லை பற்றிய இந்த நிபந்தனை மரைன் பாலிசியில் சாதாரணமாக வருவது. அதை மீறிய இடத்தில் போட் மூழ்கினால், என்ன காரணத்தால் மூழ்கியது என்ற கேள்விக்கே இடமிருக்காது. விலை கேட்பதற்கு முன்னால் எல்லை கேட்க வேண்டும். இந்த நிகழ்வில் நான் பிறரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

அதே ஏஜென்ட் இன்னொரு யோசனையும் சொன்னார். ஃபைபர் போட்ட 2014-ஐயே கட்டிய வருடம் என்று எழுதிவிட்டால் வயது பத்தாகிவிடும், சதவீதமும் இறங்கும் என்றார். மருமகனுக்கு இது பிடித்திருந்தது. 1963-ம் வருட மரைன் இன்சூரன்ஸ் சட்டம் இந்த ஒப்பந்தத்தை முழு நல்லெண்ணத்தின் மேல் நிற்பதாகச் சொல்கிறது. முக்கியமான விவரத்தை மறைத்தாலோ பொய்யாகச் சொன்னாலோ கம்பெனி ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். பிரீமியம் வாங்கும்போது யாரும் தோண்டமாட்டார்கள். போட் போன பிறகு தோண்டுவார்கள். மூத்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்ப்பா."

மூன்றாவது, கொச்சியில் ஒரு கிளை. அங்கே இருந்த அதிகாரி முடியாது என்றும் சொல்லவில்லை, முடியும் என்றும் சொல்லவில்லை. பதிவுச் சான்று, விற்பனைக் காகிதம், போட்டைக் கரையேற்றி எடுத்த சர்வே அறிக்கை, இந்த மூன்றும் வந்த பிறகு பேசலாம் என்றார். அப்போது அது தட்டிக் கழிப்பது போலத்தான் இருந்தது. பின்னால் பார்த்தால் சரியான வரிசையைச் சொன்னவர் அவர் மட்டும்தான்.

போட் யாருடையது?

இதில்தான் அதிக நாள் போனது. போட்டை இவர்களுக்கு விற்றவர் முனம்பத்துக்காரர். அவர் வாங்கியது கொல்லம் நீண்டகரையில் ஒருவரிடம். பதிவுச் சான்றில் இன்னும் நீண்டகரைக்காரர் பெயர்தான் இருந்தது. நடுவில் இருந்தவர் பெயரை மாற்றவே இல்லை. முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தத்தோடு வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். நீண்டகரைக்காரர் இதற்குள் இறந்துவிட்டார்.

துறைமுகத்தில் இது யாருக்கும் உறுத்தாது. யார் போட் என்று எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்குத் தெரிய வேண்டியது வேறு: நட்டம் நடக்கும் நேரத்தில் பாலிசிதாரருக்கு அந்தப் போட்டில் சட்டப்படி ஒரு பாத்தியதை இருந்ததா என்பது. பணம் கொடுத்து வாங்கியவருக்கு அது உண்டு என்று வாதாடலாம். ஆனால் போட் கடலுக்கடியில் கிடக்கும்போது, இன்னொருவர் பெயரில் உள்ள பதிவுச் சான்றை வைத்துக்கொண்டு வாதாடும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

ஆகவே நீண்டகரைக்காரரின் மனைவி, பிள்ளைகள் வாரிசுச் சான்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார்கள். முனம்பத்துக்காரர் தன் பங்குக்கு ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். கேரள மீன்வளத்துறையில் பதிவை நீக்கித் தடையின்மைச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் புதிதாகப் பதிவு செய்தார்கள். அந்த அம்மாள் பணம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் ஆசையாகக் கட்டிய போட் இன்னும் ஓடுகிறதா என்று மட்டும் விசாரித்தார்.

பதிவு மூத்தவர் பெயரில். மற்ற நான்கு பேரின் பங்கை ஒரு பங்காளி ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்து, பாலிசியிலும் குறிப்பிடச் சொன்னோம். தரகரின் 12 லட்சத்தையும் எழுத்தில் கொண்டுவரலாம் என்றதற்குத் தரகர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கணக்கு அவருக்கு.

கரையேற்றிப் பார்த்தது

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை. போட்டுக்காரர்கள் வேலை பார்க்கும் காலமும் அதுதான். போட்டைக் கொச்சியை அடுத்த வைப்பின் தீவுப் பக்கம் ஒரு யார்டில் ஏற்றியிருந்தார்கள். சர்வேயர் கொச்சிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு மழுங்கிய கத்தி, டார்ச். ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் போட்டை ஒரு சுற்று நடந்தார்.

சுத்தியலால் அவர் தட்டிக்கொண்டே போவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முன்பக்கத்தில் டக் டக் என்று கெட்டியான சத்தம். பின்பக்கம், இலைக்கு (புரொப்பல்லர்) மேலே, இடது புறம் வந்ததும் சத்தம் அமுங்கிவிட்டது. திரும்பவும் தட்டினார். "இது துறக்கணும் சாரே" என்றார் என்னைப் பார்த்து. மூத்தவருக்கு முகம் மாறிவிட்டது. ஃபைபரை வெட்டித் திறந்தால் அதை மூடச் செலவு, உள்ளே ஏதாவது இருந்தால் அதற்கும் செலவு.

ஒரு கை அகலத்துக்கு வெட்டித் திறந்தார்கள். பலகை கறுத்துச் சொதசொதவென்று இருந்தது. கத்தி தள்ளாமலே இறங்கியது. பழைய மரத்தின் மேல் ஃபைபர் போர்த்தும்போது உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கிடந்து பலகையை மக்கவைக்கும். மேலே பளபளவென்று பெயின்ட் இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. போட்டின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் ஏரா மரத்தில் ஃபைபர் உரிந்த ஓர் இடத்தில் கப்பல்புழு துளைத்த ஓட்டைகளும் இருந்தன. இரும்பு ஆணிகள் சில துருவேறித் தலை உதிர்ந்து போயிருந்தன.

சர்வேயர் எழுதியது: இரண்டு பலகை மாற்ற வேண்டும், ஏராவில் புழு தின்ற இடத்தை வெட்டி எடுத்துப் புது மரம் சேர்க்க வேண்டும், பின்பக்க இணைப்புகளில் பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்து புதிதாக அடிக்க வேண்டும். அதோடு எஞ்சின் அறையில் தொங்கிக் கிடந்த பேட்டரி வயர்களை மாற்றிக் குழாய்க்குள் விட வேண்டும், சமையல் கேஸ் சிலிண்டரை உள்ளேயிருந்து மேல்தளத்துக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் முடித்துப் படம் அனுப்பினால் அறிக்கை. கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஆனது. பங்காளிகளில் ஒருவர் அன்றைக்கு என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு பலகையோடு கடலுக்குப் போயிருந்தால் எந்தப் பாலிசியும் உதவியிருக்காது. சாதாரணத் தேய்மானம், சாதாரணக் கசிவு, பொருளின் உள்ளேயே இருக்கும் குறை இவற்றால் வரும் நட்டத்துக்குப் பொறுப்பில்லை என்று சட்டமே சொல்கிறது. எலியால் வரும் நட்டம்கூட அந்தப் பட்டியலில் தனியாக இருக்கிறது! வருட பாலிசியில் போட் எப்போதும் கடலுக்குத் தகுதியாக இருக்கும் என்ற உத்தரவாதம் தானாக ஏறிவிடாது என்பது உண்மை. ஆனால் தகுதியில்லை என்று தெரிந்தே அனுப்பி, அதனாலேயே நட்டம் வந்தால் கம்பெனி கையை விரித்துவிடலாம். சர்வே அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை மாற்றாமல் போவது என்பது இந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லுக்கு நாமே சாட்சி எழுதிக் கொடுப்பது.

எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம்

அறிக்கையோடு கொச்சிக் கிளைக்குத் திரும்பியபோது வயதைப் பற்றிய பேச்சே வரவில்லை. முழுப் பாதுகாப்புக்கான சதவீதம் மட்டும் ஏறக்குறைய ஏஜென்ட் சொன்னதிலேயே நின்றது. 75,000 ரூபாய் வரை நட்டம் நம் கையிலிருந்து. மாற்றும் உதிரிப் பாகங்களுக்குப் பாதி தேய்மானக் கழிவு.

அன்றிரவு மூத்தவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆபத்தாக எடுத்தோம். இலை வளைவது, சுக்கான் உடைவது, பக்கத்துப் போட் உரசிப் பலகை போவது: இவை அடிக்கடி வரும், தொகை சின்னது, தேய்மானமும் 75,000-மும் கழித்தால் கையில் வருவது கொஞ்சம். போட்டே மூழ்குவது, முழுக்க எரிவது, திரும்ப எடுக்க முடியாதபடி பாறையில் ஏறுவது: இது அபூர்வம், வந்தால் ஐந்து வீடும் காலி. முதல் வகையை நாமே தாங்கலாம். இரண்டாவதை முடியாது. சரி, முழு நட்டத்துக்கு மட்டும் பாலிசி என்று முடிவானது.

மதிப்பு எவ்வளவு போடுவது என்பதில் சண்டை வந்தது. மருமகன் ஒரு கோடி போடச் சொன்னார். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு புது ஆழ்கடல் போட்டுக்கு வைத்த அலகு விலை 1.20 கோடி; அதனால் இந்தப் போட் போனால் புதுசு வாங்க அவ்வளவு வேண்டும் என்பது அவர் கணக்கு. நியாயமான ஆசைதான். ஆனால் 38 லட்சத்துக்கு வாங்கிய போட்டை எந்தக் கம்பெனியும் ஒரு கோடிக்கு எழுதாது. எழுதினாலும் அளவுக்கு மீறிய மதிப்பு என்பதே பிறகு சந்தேகத்துக்குக் காரணமாகிவிடும். சர்வேயர் சந்தை மதிப்பாக எழுதியது 34 லட்சம். பங்காளிகள் 30 லட்சத்துக்கு இறங்கி வந்தார்கள்: தரகர் கடன் அடைந்து, நகையில் பெரும்பகுதி மீண்டால் போதும்.

30 லட்சத்தை 'ஒத்துக்கொண்ட மதிப்பு' என்று பாலிசியில் எழுதச் சொன்னோம். அப்படி எழுதிவிட்டால் நட்டத்தின்போது சந்தை விலை என்ன என்று மறுபடி ஆராய்ச்சி செய்ய முடியாது. மோசடி இருந்தால் தவிர அந்தத் தொகைதான் தொகை. எழுதாமல் விட்டால், குறைத்து இன்சூர் செய்த பங்குக்கு நீயே பொறுப்பு என்று விகிதம் போட்டுக் கழிக்க வழி உண்டு.

இன்னொரு வரியும் முக்கியம். போட் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் மீட்டுச் சரிசெய்ய ஆகும் செலவு அதன் மதிப்பைத் தாண்டுகிறது என்றால் அதையும் முழு நட்டமாகக் கணக்கில் கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அந்தக் கணக்குக்கு ஒத்துக்கொண்ட 30 லட்சத்தையே மதிப்பாக எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கினோம். பழைய போட்டுக்கு இது பெரிய உதவி.

கூடவே இரண்டு சேர்ப்பு. ஒன்று, மூழ்காமல் காப்பாற்ற ஆகும் செலவு. இரண்டாவது, நம் போட் இன்னொரு போட்டில் மோதினால் வரும் பொறுப்பு. பெரிய கப்பல் நம்மை இடிப்பதுதான் எல்லார் மனதிலும் இருக்கும். 2018 ஆகஸ்ட் 7 அன்று முனம்பத்துக்கு அப்பால் ஒரு கப்பல் ஓஷியானிக் என்ற போட்டை இடித்ததில் போனவர்களில் பெரும்பாலானோர் குமரி மாவட்டத்தார். ஆனால் அது கப்பல்காரன் மேல் நாம் போடும் வழக்கு. 2017-ம் வருட அட்மிரால்டி சட்டப்படி உயர் நீதிமன்றத்தில் கப்பலையே தடுத்து நிறுத்தக் கேட்கலாம். நம் போட் ராத்திரியில் ஒரு ஃபைபர் வள்ளத்தின் மேல் ஏறினால் யார் கொடுப்பது என்பதுதான் நாம் மறக்கும் கேள்வி.

எல்லை இந்தியப் பொருளாதாரக் கடல் மண்டலம் முழுவதும், 200 மைல். அதற்கு அப்பால் இல்லை. இந்தியப் பெருங்கடலில் டீகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் பிரிட்டிஷ்காரர்களிடம் மாட்டிய போட்டுகள் நம் ஊர்களில் உண்டு. சிறைபிடிப்பு, பறிமுதல் எதற்கும் ஹல் பாலிசி பணம் தராது. இதை மூத்தவர் ஸ்ராங்குக்கு எல்லார் முன்னாலும் வைத்துச் சொன்னார்.

முடிவாக வந்த பிரீமியம்: 30 லட்சத்துக்கு 2.25 சதவீதம், 67,500. ஜிஎஸ்டி சேர்த்து 79,650. ஒரு வீட்டுக்கு 15,930. இது இந்த ஒரு போட்டுக்கு, இந்த ஒரு கிளை சொன்ன விலை. உங்கள் போட்டுக்கு வேறு வரும். இரண்டாவது இடத்தில் கேட்ட தொகையோடு 1,06,200 வித்தியாசம். அதை ஐந்து பேரும் வங்கியில் கூட்டுக் கணக்கில் போட்டு, கடலில் தங்கிப் பிடித்து வரும் ஒவ்வொரு தங்கலுக்கும் போட் பங்கிலிருந்து கொஞ்சம் சேர்ப்பது என்று பேசிக்கொண்டார்கள். சின்னப் பழுதுக்கு அந்தப் பணம்.

தொடக்கம் ஆகஸ்ட் 1. பிரீமியம் கம்பெனி கைக்கு வராமல் பொறுப்பு தொடங்காது என்பது 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்திலேயே உள்ளது. அதனால் ஜூலையிலேயே வங்கி வழியாக அனுப்பினோம்.

போட்டில் போகிறவர்கள்

ஹல் பாலிசி மரத்துக்கும் எஞ்சினுக்கும்தான். வலை, தூண்டில், மீன் எதுவும் அதில் இல்லை. ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் போன்றவற்றைப் பட்டியலில் தனியாக எழுதினால் உண்டு. ஆட்களுக்கு மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது: இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம், பிரீமியம் அரசு கட்டுகிறது. வங்கிக் கணக்கு வழியாக வருடம் 20 ரூபாயில் 2 லட்சம் தரும் சுரக்ஷா பீமாவும் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டியது. பிரச்சினை, நம் போட்டுகளில் இப்போது அசாம், வங்காளம், ஒடிசாப் பிள்ளைகள் நிறைய. அவர்களில் பலர் எந்த ஊரிலும் மீனவராகப் பதிவு இல்லை. விபத்து என்றால் பொறுப்பு போட் உரிமையாளர் தலையில் வரும். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்கச் சொன்னேன். முதல் வருடம் எடுக்கவில்லை.

மணல் திட்டு

அடுத்த வருட மழைக்கு முன்னால், தடைக்காலத்துக்காக ஊருக்குக் கொண்டுவந்த போட் தேங்காப்பட்டணம் துறைமுக முகப்பில் மணலில் ஏறிவிட்டது. அந்த முகப்பில் மணல் சேர்வதும் அலை மடங்கி அடிப்பதும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வொரு அலைக்கும் போட் தூக்கித் தூக்கி விழுந்தது. இரண்டு போட்டுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து எடுத்தார்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இலை, தண்டு, சுக்கான் போனது; பின்பக்கம் கொஞ்சம் மரவேலை. செலவு 1,80,000.

"அப்புறம் எதுக்குப் பிள்ளே இன்சூரன்ஸ் எடுத்தோம்?" என்று மூத்தவரின் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. இது முழு நட்டம் இல்லை, பாலிசி தராது. அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உதிரிப் பாகம் ஒரு லட்சத்தில் பாதி கழிவு, மரவேலை, கூலி 80,000, ஆக 1,30,000. அதில் 75,000 நம்முடையது. முழுப் பாதுகாப்பு எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடியது 55,000. அதற்காக, இரண்டாவது இடத்தில் கேட்ட தொகைப்படி, கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியது 1,06,200. அவர் காகிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

இதே கணக்கு எஞ்சின் அறை தீயில் தலைகீழாகும். பத்து லட்சம் நட்டம், ஆனால் போட் தப்பிவிட்டது என்றால் முழுப் பாதுகாப்பு பெரும்பகுதியைத் தந்திருக்கும். இந்தப் பாலிசி ஒரு பைசா தராது. தீயை மட்டும் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டோம், கிளை மறுத்துவிட்டது. அதனால்தான் பேட்டரி வயருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் செய்த செலவை நான் பிரீமியத்தோடு சேர்த்தே எண்ணுகிறேன்.

ஒரு தொகை மட்டும் வந்தது. இழுத்து எடுத்த செலவு. அலையில் இன்னும் சில மணி நேரம் கிடந்திருந்தால் போட் உடைந்திருக்கும், முழு நட்டத்தைத் தவிர்க்கச் செய்த செலவு இது என்பது நம் வாதம். கரையிலிருந்து பையன்கள் எடுத்த வீடியோ இருந்தது. கடலோரக் காவல் நிலையத்தில் அன்றைக்கே எழுதிக் கொடுத்த காகிதம் இருந்தது. கிளைக்கு அன்றைக்கே மெயில் போயிருந்தது. இல்லாதது பில். இழுத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் மூத்தவருக்கு மைத்துனர் முறை. "மச்சான்கிட்ட பில் வாங்கவா? நாளைக்கு அவன் மொகத்துல எப்படி முழிக்க?" என்று மூத்தவர் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் மைத்துனரே, போன டீசலும் அறுந்த கயிறும் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். டீசலுக்கும் கயிற்றுக்குமாக 22,000 ரூபாய், கேட்டது முழுவதும் வந்தது. பணம் நேராக மைத்துனர் கைக்கும் இன்னொரு போட்டுக்காரர் கைக்கும் போனது.

கிளை மறுத்திருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகத் தயாராக இருந்தோம். தனி உரிமையாளர், குறுந்தொழில் பாலிசிகளும் அங்கே வரும், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை. கொச்சிக் கிளை, வீடு தமிழ்நாடு என்றால் கொச்சியிலும் போடலாம், சென்னையிலும் போடலாம். எல்லைக்காரர்களுக்கு அனுகூலமாக இருக்கும் ஒன்றிரண்டு விஷயங்களில் இதுவும் ஒன்று.

புதுப்பித்தல்

2025 ஆகஸ்டில் புதுப்பித்தபோது மறுபடி சர்வே கேட்டார்கள். மாற்றிய பலகைகள் நன்றாக இருந்தன. ஒத்துக்கொண்ட மதிப்பு 28 லட்சமாக இறங்கியது, சதவீதம் மாறவில்லை. ஜூன், ஜூலையில் போட் கட்டிக் கிடக்கும் நாட்களுக்குப் பிரீமியத்தில் கழிவு கேட்டோம், தரவில்லை. ஆட்களுக்கான இழப்பீட்டு பாலிசி இந்த முறை எடுத்தார்கள். மணலில் ஏறிய அன்று போட்டில் இருந்த ஒடிசாப் பையனின் அம்மா போனில் அழுதது அதற்குக் காரணம், என் பேச்சு இல்லை.

அடுத்த முறைக்கு இரண்டு காகிதம் கூடுதலாக வேண்டும். 2025 நவம்பரில் அறிவித்த விதிகள்படி 12 மைலுக்கு அப்பால் தொழில் செய்யும் விசைப்படகுகள் ரியல்கிராஃப்ட் என்ற அரசு இணையத்தளத்தில் அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டும். அது இல்லாமல் ஆழ்கடலில் நட்டம் வந்தால் கம்பெனிக்கு ஒரு கேள்வியைக் கையில் கொடுத்தது போலாகும். இரண்டாவது, போட் இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் பதிவு. பொருத்தியிருக்கிறார்கள், ஆனால் ஸ்ராங்கு நல்ல மீன் கிடைக்கும் இடத்தை மற்றவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று அதை அணைத்து வைக்கிறார். அணைத்தால் கடைசி இடம் பதிவாகாது, எல்லைக்குள் இருந்தோம் என்று காட்ட வேறு சாட்சி கிடையாது என்று மூத்தவர் அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

சர்வேயர் இந்த ஜூனில் வலது புறத்து ஃபைபரையும் ஓரிடத்தில் திறந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மருமகன், போட்டை விற்றுவிட்டு இரும்புப் போட்டுக்குப் போகலாம் என்கிறார். கூட்டுக் கணக்கில் மணல் திட்டுச் செலவு போக மீதி கொஞ்சம் இருக்கிறது. வலது புறம் திறக்கும் செலவுக்கு அது போதுமா என்பது திறந்த பிறகுதான் தெரியும்.